ஈரம் அறியாத கால்

மாரி நின்றும் மரங்கள் சொட்டுதல் நில்லாத ஒரு காலைப்பொழுதில், பொற்கோபுரம் முகிலுக்குள் பாதி மறைந்து நிற்க, பபேடான் தெருக்களில் மொகிங்கா என்னும் மீன்குழம்புச் சேமியா விற்கும் கடைகளின் கொப்பரைகளில் ஆவி பறக்க, துறவியர் ஈரக் கல்லில் வெறுங்காலுடன் வரிசையாய்ச் செல்ல, யாங்கோன் மாநகர் கண்விழித்தது. அந்நகரின் கல்லூரித் திடலொன்றில் அன்று கால்பந்து இறுதிப் போட்டி. திடலின் வெண்கோட்டருகே, மிதியடியைக் கழற்றுவதா, சற்றுப் பொறுப்பதா என்று நிலைகொள்ளாமல், சாலையைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாய் நின்றார் பயிற்றுநர் சொக்கன்.

எழுபதைக் கடந்த அப்பெரியவரை மாணவர் 'சயா' என்பர். பர்மிய மொழியில் ஆசான் என்று பொருள். மழைக்காலப் போட்டிக்கு முன் அவர் வெறுங்காலுடன் திடல் முழுதும் நடந்து, புல்லுக்கடியில் நீர் எங்கே ஒளிந்திருக்கிறது, மண் எங்கே இறுகியிருக்கிறது என்று உள்ளங்காலால் உணர்ந்து, பந்தை எப்பக்கம் கொண்டுசெல்வது என்று உரைப்பார். அவர் சொன்ன பக்கம் ஓடியே அக்கல்லூரி வெற்றிகளைக் குவித்தது. ஆதலால் அவர் ஓய்வு பெறுவது எப்போது என்று கேட்க ஒருவருக்கும் நா எழவில்லை. "இந்த மழை போகட்டும்" என்று அவரே சொல்வார். மழை போகும், அவர் போகமாட்டார். பேரன்பு சில வேளை இப்படித்தான், படிப்போரே, கேட்க வேண்டியதைக் கேட்கவிடாது!

அவரிடம் ஆடிப் பழகி, இன்று துணைப் பயிற்றுநராய் விளங்கும் ஆபித் மட்டும் ஒன்றை அறிவான். நீரிழிவு நோயால் சயாவின் பாதங்கள் உணர்விழந்திருந்தன. எனவே அவன் முன்னதாகவே வந்து திடலை மிதித்துப் பார்த்துவிட்டு, பின்பு அவரோடு நடக்கையில், "இந்த இடம் சதசதன்னு இருக்கில்ல, சயா?" என்று பேச்சோடு பேச்சாய் எடுத்துக்கொடுப்பான். "ஆமப்பா, நானும் பாத்தேன்" என்பார் அவர். இருவரில் எவர் எவரை ஏமாற்றினார் என்று நான் துணிந்து சொல்லேன்.

அன்று ஆபித்தைக் காணோம். புறநகரான லைங் தாயாவிலிருந்து அவன் வந்த பேருந்து வெள்ளத்தில் நின்றுவிட்டது. காத்துக் காத்துச் சலித்த சயா மிதியடியைக் கழற்றித் தனியே நடந்தார். மண் எங்கும் ஒன்றுபோலவே இருந்தது. தெரியவில்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அச்சொல் அவர் நாவுக்குப் பழக்கமில்லை.

"வலப்பக்கம் கெட்டியா இருக்கு. பாலா, நீ அந்தப் பக்கமே ஓடு" என்றார்.

ஆட்டம் தொடங்கியதும், ஆசான் சொன்னபின் அஞ்சுவானேன் என்று பாலா பந்தோடு வலப்பக்கம் முழு விரைவில் ஓடினான். கால் சேற்றில் புதைய, உடல் ஒருபுறமும் முழங்கால் ஒருபுறமுமாய்த் திருகி, அலறி விழுந்தான். எழ முயன்றான், முடியவில்லை. தோழர்கள் அவனைத் தூக்கிவந்த வேளையில்தான் ஆபித் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். வந்தவன் கண் சயாவின் பாதத்தில் நிலைகுத்தியது.

"சயா, கால்ல ரத்தம்!"

குனிந்து பார்த்தார். உள்ளங்காலில் ஒரு கண்ணாடிச் சில் ஆழ இறங்கியிருந்தது. காலையில் தைத்தது, இந்நேரம் வரை அவர் அறிந்திலர்.

"நீ எடுத்துக்கொடுக்கிறது எனக்குத் தெரியும்பா. தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன்" என்றார் மெல்ல.

"உங்க மனசு நோகக் கூடாதேன்னுதான், சயா..."

"என் மனசு நோகாம பாத்துக்கிட்டோம். அந்தப் புள்ள முட்டி போச்சே!"

பின்பு தம் மிதியடியைக் கொண்டுவரச் சொன்னார். வெண்கோட்டுக்குள் அவர் மிதியடி அணிந்து எவரும் கண்டதில்லை. கோட்டின் உட்புறம் நின்றபடியே அதை அணிந்தார். இனி அவர் திடலை மிதித்துப் பார்க்கமாட்டார் என்பது கண்ட மாணவர்க்கு விளங்கிற்று; சிலர் அழுதனர்; தடுத்தவர் ஒருவருமில்லை. ஆபித் தன் காலணியைக் கழற்றிவிட்டுத் திடலுக்குள் இறங்க, சயா பாலாவோடு வண்டியேறி மருத்துவமனைக்குச் சென்றார்.

அன்று வென்றவர் யாரென்று அவர் கேட்கவேயில்லை. விடைபெறும் நாள் எப்போதோ வந்து வெண்கோட்டருகே அவருக்காகக் காத்திருந்தது; அதைக் காணாதவர்போல் அவர் நடந்தார், அதை அவருக்குக் காட்டாமல் மற்றவர் நின்றனர். அதற்குரிய வலியோ, வலியறியாத அவர் காலை விட்டுவிட்டு, ஓட வேண்டிய ஓர் இளங்காலைச் சேர்ந்தது.