மஞ்சள் தடவிய உறை

சைக்கிள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அன்று அது தலைக்கேறியிருந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்பிய அறுபது பேரில், கிள்ளான் வரை ஓர் இடத்தில்கூட இறங்கித் தள்ளாத ஒரே பெண் நான்தான். கிள்ளானுக்கு அப்பால் ரயில் நின்றுபோன பழைய கிளைப்பாதை ஒன்றைச் சைக்கிள் பாதையாக்க நிதி திரட்டும் சவாரி அது. எங்கள் சங்கத் தலைவர் சிவேந்திரனின் திட்டம். தண்டவாளத்தோரம் இருந்த எட்டு வீடுகளிலும் சம்மதக் கையெழுத்து வாங்கியவள் நான்.

அந்தக் காலத்தில் தண்டவாளம் போட வந்தவர்களின் வாரிசுகள் அவர்கள். நிலம் இன்னும் அவர்கள் பெயரில் இல்லை. வீடுகளுக்கு ஒன்றும் ஆகாது, நிலத்துக்கு கிராண்ட் என்கிற பட்டாவையும் சங்கமே வாங்கித் தரும், சைக்கிளில் வருகிறவர்களுக்கு வாசலில் நாசி லெமாக் சோறு விற்றே பிழைத்துக்கொள்ளலாம் என்று சிவேந்திரன் சொன்னதை அப்படியே போய்ச் சொன்னேன். தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கும் வீரம்மா அக்கா முதலில் கையெழுத்துப் போட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள்.

சவாரியன்று மதியச் சாப்பாடு அவர் வீட்டில். பொட்டலச் சோறு வேண்டாம், நானே சமைக்கிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றிருந்தார். எல்லாரும் வெளியே கூடாரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்க, என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். எட்டு வீட்டாரும் ஹாலில் காத்திருந்தார்கள். முருகன் படத்தடியில், நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்த ஓர் உறை. எங்கள் சங்க முத்திரை. கல்யாணப் பத்திரிகைக்குத்தான் நம் வீடுகளில் இந்த மரியாதை நடக்கும். வந்து மூன்று வாரம் ஆகிறதாம். பிரிக்கவே இல்லை.

"நெலத்துக்கு கிராண்ட் வந்துருச்சும்மா. கையெழுத்து வாங்குனவ நீ, உன் கையாலயே பிரிக்கணும்னு வெச்சிருக்கோம்" என்றார்.

எனக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது. பெருமையாகப் பிரித்தேன். முதல் வரியைப் படித்ததும் தாளைத் திரும்ப மடிக்கப் பார்த்தேன்.

சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். நீங்கள் எழுதிக்கொடுத்த சம்மதத்தின்படி, முப்பது நாளில் வீடுகளைக் காலி செய்ய வேண்டும். அடியில் சாட்சி என்று என் பெயர். நிரஞ்சனி கந்தப்பு.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பக்கத்து வீட்டுக் கன்னையா அண்ணன் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். வெளியே யாரோ இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நாங்க எப்பம்மா சம்மதிச்சோம்?" என்றார் வீரம்மா அக்கா.

அந்தச் சம்மதப் படிவத்துக்கு இரண்டாம் பக்கம் ஒன்று இருந்தது. பொடி எழுத்து. கேள்வியை முழுசாகப் படிக்காத மாணவர்களை நாள் தவறாமல் திட்டுகிற டீச்சர் நான். அந்தப் பக்கத்தைப் புரட்டக்கூட இல்லை. சிவேந்திரன் மேல் பழியைப் போடலாமா என்று ஒரு கணம் புத்தி அலைந்தது. வாய் வரவில்லை.

"நான் கொண்டுவந்த பாரத்துலதான்க்கா இருந்திருக்கு. நானும் அத முழுசா படிக்கல."

அவர் கோபப்படவில்லை. நான் சொன்னது புரியாதவர் போல என் முகத்தையே பார்த்தார்.

"நீ படிச்சிருப்பேன்னுதானேம்மா நாங்க படிக்காம போட்டோம்."