பெட்டியைத் தொட்டவன்

கண்ணாடிக் கடைக்காரருக்கு வேதப் புத்தகத்தின் மேல் கோபம் வருவது புதிதல்ல. மகன் செத்த மறுவாரம், "வாசியுங்கள், ஆறுதல் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார் பாதிரியார். மருமகள் முதல் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்ட ஆரம்பித்தாள். கிடைத்ததெல்லாம் வயிற்றெரிச்சல்தான். வெள்ளத்தில் உலகமே மூழ்கியபோது, "தொட்டில் பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். மகனைப் பலி கொடுக்கக் கூட்டிப்போன தகப்பன் கதைக்கு, "பெத்தவள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா அவன்?" என்றார். மருமகள் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தி, "மேல வாசிக்கட்டுமா மாமா?" என்பாள்.

அன்று மதியம் கடையில், சாப்பிட்ட கை காய்வதற்குள், அந்த இடம் வந்தது. கடவுளின் கட்டளைகள் எழுதிய கற்பலகைகள் இருக்கும் புனிதப் பெட்டியை மாட்டு வண்டியில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுபோகிறார்கள். மாடு இடறியது. பெட்டி சாயப் பார்த்தது. வண்டி ஓட்டி வந்தவன் கை நீட்டிப் பிடித்தான். கடவுளுக்குக் கோபம் வந்து, அவன் அந்த இடத்திலேயே செத்தான்.

மருமகள் வாசிப்பதை நிறுத்தினாள். வேனிலிருந்து சரிந்த கண்ணாடிப் பலகையைக் கை நீட்டிப் பிடிக்கப் போய்த்தான் அவள் புருஷனும் போனான்.

இந்தத் தொழிலில் முதல் பாடமே, விழுகிற கண்ணாடியை விழ விடு என்பதுதான். போலீஸ்காரரிலிருந்து துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வரை அதையேதான் கேட்டார்கள்: அவன் ஏன் கையை நீட்டினான்?

"விழுறதைப் பார்த்தா கை தானா போகும்" என்றார் மாமனார். "நல்லதுக்குத்தானே நீட்டினான்? அதுக்குச் சாவா? இது என்ன நியாயம்?"

மருமகள் அடியில் பொடி எழுத்தில் இருந்த விளக்கத்தைப் பார்த்தாள். "பெட்டியைக் கழியில கோத்து, தோள்லதான் தூக்கணும்னு சட்டமாம் மாமா. வண்டியில வெச்சதே தப்பாம்."

"வெச்சது யாரு? இவனா?"

"ராஜாவும் பெரியவங்களும்தான் வெச்சிருப்பாங்க. இவன் ஓட்டிட்டு வந்தவன், அவ்வளவுதான்."

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையா?"

"ஆகலை. ராஜாவுக்குக் கோபம் வந்துச்சாம். அப்புறம் பயம் வந்துச்சாம்."

எட்டு மாதமாகக் கடவுளைத் திட்டித் தீர்த்த மாமனார், புத்தகத்தை வாங்கி மூடி வைத்தார்.

"அன்னிக்கு வேன்ல கண்ணாடியைக் கயிறு போட்டுக் கட்டணும்னான்மா அவன். பக்கத்துத் தெருதானேடா, சும்மா ஏத்துன்னு நான்தான் சொன்னேன்."

மருமகள் அழவில்லை, கத்தவில்லை. "எல்லாரும் அவரைத்தானே தப்பு சொன்னாங்க? நீங்களும் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமாம்மா" என்றார் அவர். "பயமா இருந்துச்சு."