நானூற்றுப் பன்னிரண்டு காலி வீடுகள்

டிங். டிங். டிங். டிங்.

சுலைமானி டீயை உதடு வரைக்கும் கொண்டுபோன மீராசா அதைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். சத்தம் நிற்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையிலிருந்து வரிசையாகப் பதினொரு மணி அடித்து ஓய்ந்தது.

"என்ன வாப்பா, தீப்பிடிச்சிருச்சா?"

"இல்ல பாய். குசைஸ்ல புதுசா ஒரு கட்டடம் திறந்திருக்காவ. பதினோரு வீடு காலி. வீட்டுக்கு ஒரு மணி" என்றான் பிரைட், கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல்.

திரையின் உச்சியில் இருந்த எண் 401 என்பதிலிருந்து 412க்குத் தாவியது. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், 'இன்று காலியாக இருக்கும் குடும்ப வீடுகள்' என்று தமிழில் ஒரு வரி. துபாயில் வீட்டுத் தரகு செய்யும் எவருக்கும் அந்த எண்ணைப் பார்த்தால் நெஞ்சு குளிரும். மீராசா மட்டும் அதிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

காரணம் கீழக்கரையில் இருந்தது. பெயர் ஷம்சியா.

'எங்களை எப்போது துபாய்க்குக் கூப்பிடப் போகிறீர்கள்?' என்று மனைவி கேட்கும்போதெல்லாம், ஆறு வருஷமாக மீராசாவிடம் ஒரே பதில்தான். "குடும்ப வீடே காலி இல்ல புள்ள. ஒண்ணு காலியாகட்டும், அடுத்த பிளைட்டுல நீயும் நம்ம மக அஃபீஃபாவும் இங்க." முதல் வருஷம் அது உண்மை. அவர் கைக்கு எட்டுகிற மாதிரி வீடு எதுவும் இல்லை. இரண்டாம் வருஷம் பாதி உண்மை. மூன்றாம் வருஷத்திலிருந்து அது சலாம் சொல்வதுபோல வாயில் தானாக வந்தது. துபாயின் தேராப் பகுதியில் நான்கு நண்பர்கள் சேர்ந்து தங்கும் அறை, சனிக்கிழமை கேரம்போர்டு, அவரே வைக்கும் மீன் ஆணம், ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லாத சுகம். ஷம்சியா மேல் பிரியம் இல்லாமல் இல்லை. பிரியத்தைத் தொலைபேசியில் வைத்துக்கொள்வது அவருக்கு வசதியாக இருந்தது.

அந்த வசதிக்குத் தன் கைக்காசைப் போட்டே வேட்டு வைத்துக்கொண்டார்.

முன்பெல்லாம் அவருடைய தொழில்முறை எளிது. ஒரு வீடு காலியானால், நாத்தூர் என்று இங்கே சொல்கிற கட்டடக் காவலாளி போன் செய்வார். மீராசா வாட்ஸ்அப்பில் படம் போடுவார். அழகான குளியலறைப் படம் ஒன்று அவரிடம் இருந்தது. அதையே பதினேழு வீடுகளுக்குப் போட்டிருக்கிறார். போன வருஷம் எதிர்க் கட்டடத்து இர்ஷாத் இணையதளம் ஆரம்பித்ததும் இவருக்கும் ஆசை வந்தது. கன்னியாகுமரிப் பக்கத்து பிரைட்டை வேலைக்கு எடுத்தார்.

"ஏபிஐ, ஏபிஐங்கிறியே, அது என்ன வாப்பா?" என்று முதல் நாளே கேட்டார்.

"ஒரு நாத்தூர் உங்களுக்குப் போன் பண்ணுவாருல்லா? இது எல்லாக் கட்டடத்து நாத்தூரும் ஒரே நேரத்துல நம்ம கம்ப்யூட்டருக்குப் போன் பண்ணுகது மாதிரி. எந்த வீடு காலி, என்ன வாடகை, பள்ளிக்கூடம் எத்தன மீட்டர், எல்லாம் நிமிஷத்துக்கு நிமிஷம் வந்துகிட்டே இருக்கும். இந்த நாத்தூரு தூங்கமாட்டாரு, டீக்குக் கேக்கமாட்டாரு."

"பொய்?"

"அதுவும் சொல்லமாட்டாரு."

அப்போதே மீராசா யோசித்திருக்க வேண்டும்.

சட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஷம்சியா. பழக்கத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

"மச்சான், சாப்டீங்களா?"

"இப்பத்தான் புள்ள."

"உங்க சைட்டத் தொறந்து பாத்தேன், மாஷா அல்லாஹ், அழகா இருக்கு. மேல நானூத்திப் பன்னண்டுன்னு போட்டிருக்கே, அது என்ன?"

கவுன்டரில் இருந்த வசந்தகுமாரி எழுதுவதை நிறுத்தினாள். பத்து வருஷமாக அந்த அலுவலகத்தை ஓட்டுவது அவள்தான். மீராசா முதலாளி மட்டும்.

"அதா... அது ஆபீஸ் நம்பர் புள்ள."

"நேத்து நானூத்தி ஒண்ணா இருந்துச்சு. ஆபீஸ் தெனம் இடம் மாறுதா?"

"சைட்டு புதுசுல்ல? கண்டதையும் காட்டும். நாளைக்குச் சரியாயிரும்."

"சரி மச்சான். நாளைக்கே பாக்குறேன்."

போனை வைத்ததும் மீராசா, பிரைட்டின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலில் தேன்.

"தம்பி, கீழக்கரையில இருந்து பாத்தா மட்டும் வீடு எதுவும் தெரியப்படாது. செய்யலாமா?"

பிரைட் முதல்முறையாகத் தலையைத் தூக்கினான். "நமக்கு வாற விவரத்த மாத்தப்பிடாது பாய். ஒப்பந்தத்துலயே போட்டிருக்கு."

"மாத்தச் சொல்லல வாப்பா. மறைக்கத்தானே சொல்றேன்."

"கீழக்கரையத் தனியாப் பிரிக்க முடியாது. அந்தப் பக்கத்து போனெல்லாம் மதுரைன்னுதான் காட்டும்."

"அப்ப மதுரையையும் சேத்து மூடு."

"மொத்த மதுரையையுமா?"

"சார், இதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டப்படணும்?" என்றாள் வசந்தகுமாரி. "துபாயையே மேப்புலேருந்து தூக்கிட்டா ஆச்சு. அண்ணி கேட்டா கடல் கொண்டுபோயிருச்சுன்னு சொல்லிக்கலாம்."

"நீ ஒன் வேலையப் பாரும்மா."

"அண்ணி கணக்கு டீச்சர் சார். பாத்து."

பிரைட் இரண்டு முறை 'வேண்டாம்' என்றான். மூன்றாவது முறை மீராசா தன் டிபன் பாக்ஸைத் திறந்து ஆணத்தை அவன் பக்கம் தள்ளினார். அறையில் பிரெட்டும் முட்டையுமாக வாழ்கிற பிள்ளை எவ்வளவு நேரம்தான் தாங்கும்? மாலைக்குள் மதுரை முழுவதற்கும் துபாயில் வீடு இல்லாமல் போனது.

மறுநாள் காலை ஷம்சியா கூப்பிட்டாள்.

"மச்சான், இப்ப பூஜ்யம்னு காட்டுது."

"பாத்தியா? நான் சொன்னேன்ல புள்ள!" மீராசாவின் குரலில் இருந்த சோகம் அவருக்கே நிஜம்போலப் பட்டது. "ஒரு வீடு இல்ல. ஊரே நெறைஞ்சு கெடக்கு."

"ஆமா மச்சான், பாவம். ஆனா நஸீஹா ஈசா டவுன்ல இருந்து பாத்தா நானூத்திப் பதினஞ்சுன்னு காட்டுதாம். பஹ்ரைனுக்குப் போனதுலேருந்து என் தங்கச்சிக்குக் கண்ணு நல்லாத் தெரியுது போல."

மீராசா இருமினார். தண்ணீர் குடித்தார். மறுபடியும் இருமினார்.

"சரி, வேலையப் பாருங்க" என்று அவளே வைத்துவிட்டாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. பதினான்கு வருஷக் கல்யாண வாழ்க்கையில் இப்படி நடந்ததில்லை. அவள் மனம் விட்டுப்போய்விட்டது என்று மீராசா முடிவுகட்டினார். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. சனிக்கிழமை வரைக்கும் இருந்தது.

திங்கட்கிழமை போன்கள் ஆரம்பித்தன. முதலில் ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருக்கும் ஜாபர் சாதிக். துபாய்க்கு மாற்றலாகி வருகிறவர், நிச்சயமான வாடிக்கையாளர்.

"காக்கா" என்றார், ஊர்ப்பக்கம் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி. "வீடு வேணாம். இர்ஷாத் ஆபீஸ்ல பாத்துக்கிட்டேன்."

"ஏன் தம்பி? நாலு வீடு உனக்குன்னே எடுத்து வச்சிருக்கேனே!"

"எங்க வீட்ல உங்க சைட்டப் பாத்தா ஒரு வீடும் இல்லயாம். 'அந்தக் காக்கா கடையக் காலி பண்ணிட்டாக போல'ங்கிறா. நான் என்ன செய்ய?"

அடுத்து அல் கோபாரிலிருந்து ஒருவர், சவுதியை விட்டு இங்கே வருகிறவர். அதே கதை. மதியத்துக்குள் ஒன்பது பேர். குடும்ப வீடு கேட்டு ஒரு புதிய ஆள்கூட வரவில்லை. இர்ஷாத் அலுவலக வாசலில் செருப்புகள் கூடிக்கொண்டே போவது ஜன்னல் வழியாக நன்றாகத் தெரிந்தது.

பிரைட் ஒரு பட்டியலை எடுத்துக் காட்டினான். "பாருங்க பாய். நம்ம சைட்டுல வீடு தேடுகவங்கள்ல பத்துல ஆறு பேரு மதுரைப் பக்கம். துபாய்ல இருந்து தேடுகது ரெண்டு பேருதான்."

"துபாய் வீட்ட ஊர்ல இருந்து யாருய்யா தேடுறது?"

வசந்தகுமாரி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "சார், நீங்க கீழக்கரைதானே?"

அப்போதுதான் மீராசாவுக்கு உறைத்தது. அவர்கள் ஊரில் வீடு என்பது பெண்ணுடைய சொத்து. மகள் பிறந்தால் அவளுக்கு ஒரு வீடு. நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளை பெட்டியோடு அந்த வீட்டுக்குப் போய் ஏறுவார். எந்தப் பக்கம் சமையலறை, எந்த ஜன்னலில் காற்று என்பதெல்லாம் பெண்கள் பேசுகிற பேச்சு. ஆண் எந்த ஊரில் சம்பாதித்தாலும் சரி, வீட்டின் இணைய இணைப்பை மனைவிக்கு அனுப்புவான். அவள் அக்காவிடமும் உம்மாவிடமும் காட்டி முடிவு செய்வாள். அவன் போய்க் கையெழுத்துப் போடுவான். இது ஊரில் குழந்தைக்கும் தெரியும். மீராசாவே லீவில் போனால் தங்குவது ஷம்சியாவின் வீட்டில்தான். கரண்ட் பில் இன்னும் மாமியார் பெயரில் வருகிறது.

தன் ஊரையே மறந்த தரகர், வாடிக்கையாளர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களைத் தன் கையாலேயே கண்ணை மூடி வெளியே அனுப்பியிருக்கிறார்.

"தொறக்கட்டா பாய்?"

கேரம்போர்டு ஒரு பக்கம், கடை ஒரு பக்கம். மீராசா தாடியைத் தடவினார். இர்ஷாத் வாசலில் இன்னொரு ஜோடி செருப்பு சேர்ந்தது.

"யல்லா, தொற. கலாஸ், முடிஞ்சு போச்சு. மதுரைக்காரங்க நல்லா இருக்கட்டும்."

திறந்ததும் ஷம்சியாவுக்குப் பயந்து இரண்டு நாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கூப்பிட்டாள், அஃபீஃபாவின் பரீட்சை பற்றிப் பேசினாள், மாமியாரின் மூட்டுவலி பற்றிப் பேசினாள். வீடு என்ற வார்த்தையே வரவில்லை. மூன்றாம் நாள் மீராசா பழையபடி ஆணம் வைத்தார்.

வியாபாரம் திரும்பியது. அடுத்த வாரம் ஒரு காலைப்பொழுதில் பதினான்கு ஒப்பந்தங்கள். வசந்தகுமாரி ஒவ்வொன்றாக நீட்ட, மீராசா போனில் பேசியபடியே கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். படித்துப் பார்க்கும் வழக்கம் அவருக்கு என்றைக்கும் கிடையாது.

எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது திரையில் ஒரு வீட்டைக் காணவில்லை. குசைஸில் மூன்றாவது மாடி, இரண்டு பெட்ரூம், எதிரே இந்தியப் பள்ளிக்கூடம், சமையலறையில் ஜன்னல். ஒரு வாரமாக அந்த வீட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு குறுகுறுத்தது. ஷம்சியா பார்த்தால் விடமாட்டாள் என்று தெரியும்.

"அந்த மூணாவது மாடி போயிருச்சா? யாருக்கு?"

"ஒரு டீச்சரம்மாவுக்கு சார்" என்றாள் வசந்தகுமாரி, ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு. "எதிர் ஸ்கூல்லயே வேலை. ஸ்கூல் விசா குடுத்தாச்சு. வர்ற மாசம் வர்றாங்க. பஹ்ரைன்லேருந்து அவங்க சொந்தக்காரங்க வந்து நேர்ல பாத்துட்டுப் போனாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்! நல்ல பார்ட்டிதானே?"

"ரொம்ப நல்லவங்க சார். பொறுமைசாலி."

பிரைட் ஏனோ எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான்.

மீராசாவுக்கு மனசு லேசாகிவிட்டது. லேசான மனசில் ஒரு பரிதாபமும் வந்து உட்கார்ந்தது. பாவம் ஷம்சியா, ஒரு வாரமாக வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. இரண்டு வார்த்தை ஆறுதலாகப் பேசினால் குறைந்தா போகும்? கூப்பிட்டார்.

"ஷம்சியா, மனசே சரியில்ல புள்ள."

"ஏன் மச்சான், ஒடம்புக்கு என்ன?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. குசைஸ்ல ஒரே ஒரு நல்ல வீடு இருந்துச்சு. உனக்குன்னே பாத்து வச்சிருந்தேன். சமையக்கட்டுல ஜன்னல், எதுத்தாப்புல பள்ளிக்கூடம். நாளைக்கு உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன், இன்னிக்குக் காலைல யாரோ ஒரு டீச்சரம்மா தட்டிட்டுப் போயிட்டா. நம்ம நசீபு, தலையெழுத்து அவ்வளவுதான்."

எதிர்முனையில் விசும்புவதுபோல ஒரு சத்தம். "அழுறியா புள்ள?" என்று மீராசா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அழல மச்சான், சிரிக்கிறேன். அந்த டீச்சர் நான்தான். வீடு என் பேருல இருக்கு, கூடத் தங்குறவங்கன்னு அஃபீஃபாவையும் அவளுக்குக் கீழ உங்களையும் எழுதியிருக்கேன், அதுல நீங்களே கையெழுத்தும் போட்டுட்டீங்க."