ஃபிளக்ஸுக்கு ஏற்ற கன்னம்

இரணியல் முக்கில் பத்தடி உயர ஃபிளக்ஸில் பிபின் சிரித்துக்கொண்டிருந்தான். முதலாவது பிறந்தநாளாம். பெற்ற தாய் சபிதாவுக்கே ஒரு நிமிடம் ஆள் தெரியவில்லை. பிள்ளையின் இடது கன்னத்தில் நெல்லிக்காய் அளவுக்கு இருக்கிற கட்டியை ஸ்டுடியோக்காரன் வழித்து எடுத்திருந்தான். எடுக்கச் சொன்னவர் மாமனார் பொன்னுலிங்கம். கம்பிக்கடை முதலாளி, துருப்பிடித்த கம்பிக்குப் பெயின்ட் அடித்து விற்றுப் பழகிய கை.

அதோடு விட்டாரா? வீட்டுக்கு வந்ததும் அடுத்த உத்தரவு.

"ஏட்டி சபிதா, ஆளுவ ஃபிளக்ஸைப் பாத்துட்டு ரெண்டு வாரத்துல விருந்துக்கு வருவாவ. பிள்ளைக்க மூஞ்சில கட்டியப் பாத்தா நாணக்கேடு. நாளைக்கே வெட்டி எடுத்துரணும். நமக்குத் தெரிஞ்ச டாக்டர்கிட்ட பேசியாச்சு."

அட பாவி மனுசா! படம் பொய்யென்றால் படத்தை அல்லவா கிழிக்க வேண்டும்? இவர் பிள்ளையைக் கிழிக்கக் கிளம்பிவிட்டார்.

திருவனந்தபுரத்து டாக்டர் துளி சதை எடுத்துச் சோதித்துத் தெளிவாகச் சொல்லியிருந்தார். இது நார்க்கட்டி, புற்று இல்லை, தானாகவே சுருங்கிவிட வாய்ப்பு அதிகம். வாயை அசைக்கிற நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது. அவசரப்பட்டுக் கத்தி வைத்தால் பிள்ளையின் சிரிப்பு கோணிப்போகலாம். அப்போது புருஷன் வினோஜும் கூடத்தான் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் காது இரண்டு இருக்கிறது.

"நீங்களாவது சொல்லுங்க," என்றாள் புருஷனிடம்.

"அப்பா விருந்துக்கு எல்லாரையும் விளிச்சாச்சு. இனி என்ன செய்ய முடியும்?" செல்போனிலிருந்து தலையெடுக்காமல் சொன்னான் வினோஜ்.

த்தூ என்று வந்தது அவளுக்கு. அப்பன் தும்மினால் இவன் மூக்கைத் துடைத்துக்கொள்வான். இதற்குப் பெயர் ஆண்பிள்ளை!

காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முக்குக்குப் போய் ஃபிளக்ஸுக்கு அடியிலேயே நின்றாள். டீக்கடையில் இருந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், பிள்ளையைப் பார்த்தார்கள். அப்பனும் மகனும் பின்னாலேயே காரில் வந்து இறங்கினார்கள்.

"மானத்த வாங்காத ஏட்டி! வண்டியில ஏறு!" பல்லைக் கடித்தார் பொன்னுலிங்கம்.

"எதுக்கு மாமா? உங்க பேரன் அந்தா மேல நிக்கான். கன்னம் வழவழன்னு இருக்கு. கேக்கை அவனுக்கே ஊட்டுங்க. இவன் எனக்க பிள்ளை. இவனுக்க மூஞ்சில எவனும் கத்தி வைக்கப்பிடாது."

டீக்கடையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாகர்கோவில் பஸ் வந்து நின்றது. அங்கே இறங்கி மாறினால் தோவாளை, அவள் அம்மா வீடு. படியில் ஏறி நின்று புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாறியளா?"

வினோஜ் பிள்ளையைப் பார்த்தான். அப்பனைப் பார்த்தான். கண்டக்டர் விசில் அடித்து பஸ் கிளம்பிய பிறகும் பார்த்துக்கொண்டேதான் நின்றான்.