பிரித்தெடுக்கும் வேலை

என் வேலை ஒருவரைப் பிரித்தெடுப்பது. காசு கட்டிப் பேய் வீட்டு விளையாட்டுக்கு வந்தவர்கள் பூட்டிய அறைக்குள் சாவி தேடிக்கொண்டிருப்பார்கள். சுவரில் ஒரு பலகை விலகும். கையை நீட்டி, அதிகம் பயப்படுகிறவரை என் அறைக்குள் இழுத்துக்கொள்வேன். மற்றவர்கள் புதிரை விடுவித்துப் பலகையைத் திறக்கும்வரை அவரைக் கதறவிட வேண்டும். முகத்தில் வெள்ளைப் பூச்சு. இடுப்புவரை விக். பெற்ற தாய்க்கே என்னை அடையாளம் தெரியாது. அதற்காகத்தான் இந்த வேலைக்கு வந்தேன்.

அன்று மாலை ஒரு ஜோடி மட்டும் வந்திருந்தது. இருட்டில் முதலில் குரல் கேட்டது.

"மெதுவா வாம்மா. நான் இருக்கேன்ல?"

அந்தக் குரலோடு குடும்பம் நடத்தியவள் நான். விவாகரத்து கிடைத்த அன்று, கோர்ட் வாசலில், மறுபடி கண்ணில் பட்டால் உயிரோடு விடமாட்டேன் என்று சொன்னான். சத்தம் போடாமல்தான் சொன்னான்.

காதில் மாட்டியிருந்த கருவியில் கண்காணிப்பு அறைக்காரர் பேசினார். "என்னம்மா, பேய்க்கே பேய் புடிச்சிருச்சா? பொண்ண இழு."

இழுத்தேன். பலகை மூடியது. அவள் அலறினாள். பிறகு சிரித்தாள்.

"ஐயோ அக்கா, செமயா பண்றீங்க. எனக்கு ஈரக்குலையே நடுங்கிருச்சு."

நாங்கள் உறுமலாம். பேசக் கூடாது. பேசினேன்.

"கல்யாணமாகி எவ்வளவு நாளாச்சு?"

"ரெண்டு மாசம். இதுவும் கதையில வருதா?"

"அடிச்சிருக்கானா?"

"யாரு, அவரா? எறும்பக்கூட மிதிக்க மாட்டாரு."

"அடிக்கிறதுக்கு முன்னாடி வாட்ச்சக் கழட்டிப் பத்திரமா வைப்பான். கழட்டினா ஓடிரு. ஏன் எதுக்குன்னு நின்னு கேக்காத."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள். "அவர்தானே சொல்லிக்குடுத்தாரு? வாட்ச்னா அவருக்குப் பைத்தியம்."

இந்த முகத்தோடு என்ன சத்தியம் செய்தாலும் அது வசனம்தான்.

பூட்டு திறந்துகொண்டது. புதிர்களில் அவன் கெட்டிக்காரன். பலகை விலகியதும் அவள் அவனிடம் ஓடிப்போனாள். நான் இருட்டுக்குள் ஒதுங்கினேன். பலகை தானே மூடிக்கொண்டது.

மறுபக்கம் அவள் குரல். "என்னங்க, நம்ம வீட்டுக் கதையெல்லாம் பேய்கிட்ட சொல்லி வெச்சிருக்கீங்களா? நீங்க வாட்ச்சக் கழட்டினா என்னை ஓடச் சொல்லுது!"

அவன் சிரிக்கவில்லை.

"வேற என்ன சொல்லுச்சு?"

"கல்யாணமாகி எவ்வளவு நாளாச்சுன்னு கேட்டுச்சு."

"குரல் எப்படி இருந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும்? கைய விடுங்க. வலிக்குது."

"எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன்."

என் முதுகுக்குப் பின்னால் ஊழியர்கள் போகும் கதவு இருந்தது. அதற்கு வெளியே பின்தெரு. பலகையின் மறுபக்கம் அவள் "விடுங்க, விடுங்க" என்றாள். இப்போது அந்தக் குரலில் விளையாட்டு இல்லை.

காதுக்குள் கண்காணிப்பு அறைக்காரர் சிரித்தார். "ஆளு பிச்சு உதறுறாரும்மா. பேசாம நம்மகூட வேலைக்குச் சேத்துக்கலாம்."

"அவன் நடிக்கலண்ணே. லைட்டப் போடுங்க. ஆளுங்களோட ஓடி வாங்க."

அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. விளக்கு இன்னும் எரியவில்லை.

விக்கைக் கழற்றிப் போட்டேன். பலகையில் கை வைத்துத் தள்ளினேன்.