பதினொரு தகர மிராசுதார்கள்

தகரத்தில் அச்சடித்த பதினொரு வெள்ளைக்காரக் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் நெய்விளாகத்தில் அறுபத்தாறு ஏக்கர் நஞ்சைக்குச் சொந்தக்காரர்களான வருஷம் நெல் மூட்டை முப்பத்திரண்டு ரூபாய் விற்றது. மழை சுமார். நிலத்தைக் கொடுத்தவர் மிராசுதார் பஞ்சநதம். மனமுவந்து கொடுத்தார் என்று சொல்ல முடியாது. அவர் எச்சில் கையால் காக்கை ஓட்டியதைக்கூட இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

தகரங்கள் வந்தது அதற்கு மூன்று வருஷம் முன்னால். அறுபத்தேழில் ஆட்சி மாறியதும் ஊரில் நிலம் வைத்திருந்தவர்கள் கூடத்துச் சாமி படங்களை உள்ளே தள்ளிவிட்டுத் தலைவர் படங்களை மாட்டினார்கள். பஞ்சநதத்தின் மைத்துனர் வைத்தியலிங்கம் ஒரே வாரத்தில் ஏழு மாட்டினார். அவரைவிட ஒருபடி மேலே போகாவிட்டால் பஞ்சநதத்துக்குச் சோறு இறங்காது. அதிராம்பட்டினத்தில் பழைய சாமான் விற்ற அப்துல் ஜலீல், கொழும்பில் மூடிப்போன துரைமார் கிளப் ஒன்றின் சரக்கு என்று ஆளுயரத் தகரப் படங்கள் பதினொன்றைக் காட்டி, "சாமி படம் மாட்டுனா பழைய ஆளு, தலைவர் படம் மாட்டுனா பயந்த ஆளு, இத மாட்டுனா துரை. மெட்ராசுல பெரிய வீட்ல எல்லாம் இப்ப இதுதாங்க" என்றார். பஞ்சநதம் வாழ்க்கையில் முதல்முறையாகப் பேரம் பேசாமல் வாங்கினார். வெள்ளைக் கால்சட்டை, முறுக்கு மீசை, கையில் மட்டை, காலடியில் இங்கிலீஷில் பெயர், ஓரமெல்லாம் துரு. துருதான் அழகு என்று ஜலீல் சொல்லியிருந்ததால் வந்தவர்களுக்கெல்லாம் பஞ்சநதம் முதலில் துருவைத்தான் காட்டினார். மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவருக்குத் தெரியாது. நடவுக்கு ஆள் சொல்ல வந்த காத்தாயி கொல்லை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "பரம்புப் பலகையோட நிக்கிறாங்களே, யாரு வயலுக்கம்மா பரம்படிக்கப் போறாங்க?" என்று, மட்டையைச் சேற்றைச் சமப்படுத்தும் பலகையாக நினைத்துக் கேட்க, மிராசுதாரின் மனைவி பிரகதாம்பாள் சிரித்தாள். சிரித்ததற்காக அவளிடம் அவர் இரண்டு நாள் பேசவில்லை. அவள் அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பிறகு குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கர்தான் என்று உச்சவரம்பு வந்தது. பஞ்சநதத்திடம் இருந்தது எண்பத்தொன்று. காத்தாயியின் புருஷன் மருதையனும் சங்கத்து ஆட்களும் சிவப்புக் கொடியோடு வரப்பில் நடந்து கண்ணாலேயே வயலை அளந்தார்கள். மற்ற மிராசுகள் மச்சான், மாமியார் பெயரில் எழுதி வைத்தார்கள். பஞ்சநதம் அதில் ஏற்கெனவே சூடுபட்டவர். வைத்தியலிங்கத்தின் பெயரில் எழுதிய ஐந்து ஏக்கரை வைத்தியலிங்கம் விழுங்கி ஏப்பம் விட்டாயிற்று. வாயில்லாத ஆள் வேண்டும் என்று யோசித்துக்கொண்டே சுவரை அண்ணாந்து பார்த்தார். பதினொரு பேர். வாயில்லை, பெண்டாட்டி பிள்ளை இல்லை, முக்கியமாக வக்கீல் இல்லை. பழைய தேதிப் பத்திரத்தில் தலைக்கு ஆறு ஏக்கர், தொழில் விவசாயம் என்று எழுதிப் பெருவிரல் ரேகை இருக்கவேண்டிய இடத்தில் தன் கால்விரல்கள் பத்தையும் மையில் தோய்த்து வைத்தார். பதினொன்றாவதான விக்கெட் கீப்பருக்கு விரல் போதவில்லை. பிரகதாம்பாளைக் கூப்பிட்டார்.

"ஏடி, காலை நீட்டு."

"இதுல எனக்கு என்னங்க பங்கு?"

"பங்காம். விரலை வைடி, போதும்."

அந்த வாரமே படத்திலிருந்தவர்களின் கால்சட்டையில் முழங்கால்வரை சேறு ஏறியது. பிரகதாம்பாள் துடைத்தாள், மறுநாள் காலையில் மறுபடியும் சேறு, ஒருவன் கெண்டைக்காலில் அட்டை வேறு. பஞ்சநதத்தின் கால்விரல்களில் ரேகை மழுங்கிக்கொண்டு வந்தது. புதுச் செருப்பின் கோளாறு என்று செருப்பை மாற்றினார்.

பங்குனியில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் இராஜாங்கம் விசாரணைக்கு வந்தார். சாட்சிக்கு மருதையனும் காத்தாயியும். அந்த வீட்டுக் கூடத்தில் அவர்கள் கால் வைத்தது அன்றுதான். பதினொரு பேரும் கொழும்பு போயிருக்கிறார்கள் என்று சொல்லப் பஞ்சநதம் வாயைத் திறந்தபோது, சுவரில் கேப்டன் தொண்டையைச் செருமிவிட்டு இறங்கினான். மற்றப் பத்துப் பேரும் பின்னால் இறங்கினார்கள். எட்டணாக் காசு கனம். பக்கவாட்டில் திரும்பினால் கோடுதான் தெரியும். செத்தவர்கள் பெயரில் எத்தனையோ பத்திரம் பார்த்த இராஜாங்கத்துக்கு இது பெரிதாகப் படவில்லை.

"நிலம் உங்களுதுதானா?"

"பின்ன, உங்கப்பன் வீட்டுதாடா?" என்றான் கேப்டன். மூன்று வருஷம் கூடத்தில் தொங்கிப் பஞ்சநதத்தின் வாயிலிருந்து கற்ற தமிழ். வேறு தமிழ் அவனுக்குத் தெரியாது.

"வெறும் தகரம் சார். நிலம் என்னுது சார்" என்று பஞ்சநதம் பதறினார்.

"அப்ப எண்பத்தொண்ணும் உங்க பேர்லதான்னு எழுதிக்கவா? மிச்சத்த சர்க்கார் எடுத்துக்கும்."

பஞ்சநதம் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தகரக்காரர்கள் வரிசையாகக் கால்விரலை வைத்தார்கள். பத்திரத்து ரேகையோடு பிசகாமல் பொருந்தியது. பஞ்சநதம் பொறுக்கமாட்டாமல் தன் காலையும் நீட்டினார். பத்து விரலும் டப்பா மூடிபோல வழவழவென்று பளபளத்தன.

அன்றே குத்தகை பேசி முடிந்தது. தகரக்காரர்களுக்குச் சோறு துணி வேண்டாம், துருதான் பயம். ஏக்கருக்கு வருஷம் ஒரு படி தேங்காயெண்ணெய் என்று கேப்டன் சொல்ல, மருதையனும் சேரிக்காரர்களும் பெயர் பதிந்தார்கள். "நாங்க பார்த்த மிராசுலயே இவங்கதாங்க ஒல்லி" என்றாள் காத்தாயி. விக்கெட் கீப்பர் மட்டும் தன் ஆறு ஏக்கருக்குப் பிரகதாம்பாளைக் கேட்டுக் கேட்டு நடந்தான்.

சம்பா அறுப்பு முடிந்து வெறும் தாளாகக் கிடக்கும் வயலில் வருஷாவருஷம் மாசி தொடங்கி அவர்கள் கிரிக்கெட் ஆடினார்கள். மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்ததும் சுவருக்குத் திரும்பினார்கள். வெயிலில் தகரம் கொதிக்கும்போது, பஞ்சநதம் முன்பு பண்ணையாட்களைக் கூப்பிட்ட அதே குரலில் கேப்டன், "ஏய், தண்ணி" என்பான். அவர் சொம்போடு ஓடுவார். ஓடாவிட்டால் அந்த அறுபத்தாறு ஏக்கரோடு இருக்கும் ஒரே ஒட்டும் போய்விடும் என்று நினைத்தார். எழுபத்துநான்கில் முழங்கால்வரை தகரமானார், எழுபத்தேழில் இடுப்புவரை. எண்பத்தொன்று வைகாசியில் ஒருநாள் காற்றில் வரப்பின்மேல் சொம்போடு சாய்ந்து கிடந்தவரைக் காத்தாயி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். கனமே இல்லை.

"அம்மா, ஐயாவக் கொண்டாந்திருக்கேன். எங்க வைக்கட்டும்?"

"அந்தக் கடைசி ஆணியில மாட்டு. கோணாம மாட்டு."

மெட்ராஸ் விருந்தாளிகள் இப்போதும் கூடத்தை வியக்கிறார்கள். ஆட்டம் தெரிந்தவர்கள், பன்னிரண்டாவதாகச் சொம்போடு ஒருவன் நிற்பதுதான் முறை என்கிறார்கள். ஐப்பசி பிறந்தால் பிரகதாம்பாள் எல்லோருக்கும் எண்ணெய் தடவுகிறாள். அந்தக் கடைசி ஆளின் முகத்தில் மட்டும் துரு சீக்கிரம் ஏறுகிறது. எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகிறது.