சுப்பண்ணன் ஒட்டிய பொட்டு

சுப்பண்ணன் வாயிலிருந்து "நல்லா இருக்குது" என்ற சொல் வந்து நான் கேட்டதே இல்லை. குன்னூர்ப் பக்கம் எங்கள் தேயிலை ஃபேக்டரியில் அவர் சூப்பர்வைசர், நான் தூளில் குச்சி பொறுக்குகிறவள். இருபத்திரண்டு வருஷம். எவ்வளவு சுத்தமாகப் பொறுக்கினாலும் ஒரு கை அள்ளிப் பார்த்து, "இதென்ன, விறகா?" என்பார். ரிட்டயர் ஆன அன்றாவது நல்ல வார்த்தை சொல்வாரென்று காத்திருந்தேன். நாங்கள் போட்ட மாலையைக் கழற்றிப் பார்த்து, பூ வாடியிருக்கிறது என்றார் மனுஷன்.

ஃபேக்டரியை மூடி மூன்று வருஷம் கழித்து, போன மே மாதம், அங்கே சர்வதேச நவீன கலைக் கண்காட்சி வைத்தார்கள். பழைய ஆட்களுக்கு டிக்கெட் வேண்டியதில்லை, சும்மாவே போகலாம். நானும், கூட வேலை செய்த வீரம்மாவும் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போனோம். வாசலில் ஆளுக்கொரு சிவப்புப் பொட்டு கொடுத்தார்கள். எது ரொம்பப் பிடிக்கிறதோ அதன் கீழே ஒட்டவேண்டும். ஒன்றுதான், இன்னொன்று கேட்டால் தரமாட்டார்கள்.

உள்ளே சுப்பண்ணன் கோட்டும் குரங்குக் குல்லாவுமாக எங்களுக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். கொரியாக்காரர் ஒருவர் கிழிந்த குடைகளால் செய்த யானையைப் பார்த்து, "காலு சரியில்லை" என்றார். மெக்சிகோ நாட்டுப் பெண் கம்பளி நூலில் நெய்திருந்த மழையைப் பார்த்து, "நனையவே இல்லையே" என்றார். வீரம்மா யானைக்கு ஒட்டிவிட்டாள். எனக்கு மழை பிடித்திருந்தது. ஆனாலும், இன்னும் பார்க்க பாக்கி இருக்கிறதே என்று பொட்டைக் கையிலேயே வைத்திருந்தேன்.

நாங்கள் உட்கார்ந்து குச்சி பொறுக்கிய பழைய சார்ட்டிங் ரூமில் ஒரே ஒரு படம், சுவர் முழுக்க. போலந்து நாட்டு அம்மா ஒருத்தர் எடுத்துப் பெரிதாக்கிய போட்டோவாம். மங்கலான பச்சையில் வெள்ளை வெள்ளையாக நூற்றுக்கணக்கில் ஏதோ மேலே கிளம்புகிறது. சுப்பண்ணன் குல்லாவைக் கழற்றிவிட்டு நின்றார்.

"கொக்குங்க," என்றார், பக்கத்தில் நின்ற ஊட்டிக்காரரிடம். "பனிக்குள்ள கெளம்புது பாருங்க. பேரே வெக்கலைன்னு எழுதியிருக்குது. இதுக்கு என்னத்தைங்க பேரு வெக்கறது?" சொல்லிக்கொண்டே தன் பொட்டை ஒட்டினார்.

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். பாதிக் கொக்குகளுக்கு நுனி கோணல். என் ஆள்காட்டி விரலும் கோணல், சின்ன வயசில் கதவிடுக்கில் நசுங்கியது.

வெற்றிலை போட்டுவிட்டு மிச்சச் சுண்ணாம்பை நாங்கள் விரலால் தடவுகிற தூண் அது! அதற்காக என்னை எத்தனை தடவை வாளியும் நாருமாகத் தேய்க்கவிட்டிருக்கிறார். நானும் மறுநாளே தடவுவேன். அந்தப் பச்சைத் தூண் இப்போதும் அவர் முதுகுக்குப் பின்னால்தான் நின்றது.

"ஏனுங்க சார், இது கொக்கு இல்லீங்க. நம்ம தூணு. இது என்ற வெரலுங்க," என்று படத்துக்குப் பக்கத்தில் விரலை நீட்டினேன்.

ரூமே சிரித்தது. அவர் தூணைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். முகம் சிவந்துபோயிற்று. அவர் நகம் பொட்டின் ஓரத்துக்குப் போனது. இத்தனை வருஷத்துக்கு ஒரே ஒரு பொட்டு, அதையும் உரித்துக்கொண்டு போய்விடாதே மனுஷா.

அவர் உரிக்கவில்லை. கட்டைவிரலால் இன்னும் அழுத்தி ஒட்டினார்.

"நல்லாத்தான் இருக்குது, மரகதம்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அதற்குள், "அந்த மூலையில மட்டும் ஈஷி வெச்சிருக்குது," என்றார்.

"அது வீரம்மாளுங்க," என்றேன். வீரம்மா என் இடுப்பில் கிள்ளினாள்.

என் பொட்டு இன்னும் கையிலேயே இருந்தது. கதவோரம் அவர் கைப்பட பெயிண்டில் எழுதிய போர்டு அப்படியே தொங்கியது: 'தூணில் சுண்ணாம்பு தடவக் கூடாது.' வெளியே போகும்போது அதன் கீழே ஒட்டினேன். அவர் எழுத்து எப்போதும் முத்து முத்தாகத்தான் இருக்கும். அதை நானும் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.